நார்மல் சார்

அந்த மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவரை எல்லோரும் நார்மல் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். பிறந்தபோது வைத்த பெயர் ஒன்று இல்லாமலா இருக்கும்? இருந்தது. ஆனால் காலையில் சட்டைக் கையை மடித்துக்கொண்டே கண்ணாடிக் கதவைத் தள்ளி அவர் உள்ளே வந்தால், ரத்தம் எடுக்கும் பெண்கள், "நார்மல் சார் வந்துட்டாரு, மெஷினை எழுப்பு" என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை நீட்டுவார்.

அவர் நோயாளி இல்லை. கூடத்தின் தலைமை நோய்க்குறியியல் மருத்துவருடைய கணவர். ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவருடைய ரத்தத்துக்கு அங்கே ஒரு வேலை இருந்தது.

ரத்தம் அளக்கும் மெஷினை எந்தக் காலையிலும் அப்படியே நம்பிவிடக் கூடாது. முதல் நோயாளியின் ரத்தத்தைக் கொடுப்பதற்கு முன்னால் விடை தெரிந்த ரத்தம் ஒன்றைக் கொடுத்து, சரியாகச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே கம்பெனிகள் சின்னக் குப்பிகளில் ரத்தம் தயாரித்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்புகின்றன. கன்ட்ரோல் என்று அதற்குப் பெயர். கல்யாணமான புதிதில், கூடம் ஒற்றை அறையாக இருந்த காலத்தில், குப்பி வந்து சேராத ஒருநாள் டாக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். "என் ரத்தத்தை எடுத்துக்கோயேன், எனக்குத்தான் ஒரு கேடும் இல்லையே" என்று அவர் கையை நீட்டினார். அன்றிலிருந்து குப்பி வந்தாலும் வராவிட்டாலும், வேலைக்குப் போகிற வழியில் ஒரு குழாய் கொடுத்துவிட்டுப் போவது அவருக்கு வழக்கமாகிவிட்டது.

அந்த ஒரு கையை மட்டும் டாக்டர் யாரிடமும் விட மாட்டாள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, உள்மடிப்பை விரலால் தடவி நரம்பைத் தேடுவாள். தேடவே வேண்டியதில்லை, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். ஆனாலும் தேடுவாள். வீட்டில் பேச்சு சுண்டிப்போய் வருஷங்களாகியும் இந்தத் தேடல் மட்டும் சுண்டவில்லை என்று ரத்தம் எடுக்கும் பெண்கள் ஒருவரையொருவர் முழங்கையால் இடித்துக்கொள்வார்கள்.

"வலிக்குதா?"

"நீ குத்தி எப்ப வலிச்சிருக்கு? பேசினாத்தான் வலிக்கும்."

அவருடைய ஹீமோகுளோபின் பதினாலரை. மழையடித்தாலும் வெயிலடித்தாலும் பதினாலரை. அந்த எண்ணை டாக்டர் தன் கல்யாண நாளைவிட நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள்.

வேலை என்று வந்துவிட்டால் டாக்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள். அவள் கையெழுத்துப் போட்ட ரிப்போர்ட்டை வேறு எங்கும் சரிபார்க்க வேண்டியதில்லை என்று மூத்த மருத்துவர்களே சொல்வார்கள். அந்தப் பெயரைச் சம்பாதிக்க ஒரு ஆயுள் பிடித்திருந்தது. அப்படிப்பட்டவளிடம்தான் அந்தப் பெட்டி வந்து சேர்ந்தது.

பெட்டி வழியில் எங்கோ மாட்டிக்கொண்டு, வெயிலில் கிடந்து வந்திருந்தது. மூத்த டெக்னீஷியன் அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு அவள் அறை வாசலில் நின்றார்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

அவருக்கே சின்னவிஷயம் என்றுதான் பெயர். கூரை பற்றி எரிந்தாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார்.

"சொல்லுங்க."

"கன்ட்ரோல் வெந்நீர்ல குளிச்சிட்டு வந்திருக்கு."

பனிக்கட்டி எல்லாம் தண்ணீராகி, அந்தத் தண்ணீரும் வெதுவெதுவென்று இருந்தது. உள்ளே குப்பிகளில் ரத்தம் உடைந்து கெட்டுப்போயிருக்கும். டாக்டர் திறந்துகூடப் பார்க்கவில்லை, தூக்கிப் போடச் சொன்னாள். கம்பெனியில் கேட்டால் அடுத்த பெட்டி வர மாதங்கள் ஆகும் என்றார்கள்.

"அது வரைக்கும் என்ன பண்றது மேடம்?"

"நார்மல் சார் இருக்காரே" என்றாள். பாதி விளையாட்டாகத்தான் சொன்னாள்.

ஒரே ஆளை நம்பி மெஷினை ஓட்டக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாததா? மாணவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுத்ததுதான். நாலைந்து பேர் ரத்தத்தையாவது சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆனால் நாலைந்து பேரைத் தினமும் பிடித்து உட்காரவைப்பது லேசான காரியமா? இத்தனை வருஷமாக அசையாத மனிதர் தானே வந்து கையை நீட்டும்போது, வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன் என்று தோன்றிவிட்டது.

முதல் இரண்டு வாரம் பதினாலரைதான் வந்தது. அப்புறம் பதினாலு என்றது மெஷின். மறுபடி ஓட்டினார்கள். மறுபடியும் பதினாலு.

மெஷினில் ஒரு திருத்தம் உண்டு. அது சொல்வதைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ சொல்லவைக்கலாம். டாக்டர் அதை ஒரு துளி கூட்டினாள். பதினாலரை வந்தது. அனுமதித்த அளவுக்குள்தான் கூட்டினாள், தப்பே இல்லை. பத்து நாள் கழித்து மறுபடி இறங்கியது. மறுபடி ஒரு துளி.

"மெஷினுக்கு வயசாயிடுச்சு மேடம்."

"நமக்கு மட்டும் என்ன, இளமை திரும்புதா?"

இப்படியே துளித்துளியாகப் போனது. ஒவ்வொரு முறையும் போன தடவையிலிருந்துதான் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தார்களே தவிர, ஆரம்பித்த இடத்திலிருந்து எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மெஷினும் பாவம், சில ரிப்போர்ட்டுகளில் எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை என்று ஓரமாக நட்சத்திரக் குறி போட்டு முனகிக்கொண்டுதான் இருந்தது. அதையும் வயசுக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். செருப்பு கடித்தால் செருப்பைத்தான் திட்டுகிறோம். காலில் முள் இருக்குமோ என்று குனிந்து பார்ப்பதில்லை.

வீட்டில் ஒருத்தி பார்த்தாள். கணவரின் அக்கா. தபால் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, மாடிப் பகுதியில் தனியாக இருந்தவள். சாப்பாட்டுக்கு மட்டும் கீழே வருவாள், வந்தால் சும்மா போக மாட்டாள்.

"தம்பி படியேறுறப்ப நடுவுல நிக்கிறான்" என்றாள் ஒருநாள், தட்டைப் பார்த்துக்கொண்டே. "மூஞ்சி சுண்ணாம்பு அடிச்ச சுவர் மாதிரி இருக்கு. பாத்தியா இல்லையா?"

"தினமும் பாக்குறேன் அண்ணி. இன்னிக்குக் காலையிலகூடப் பதினாலரை."

"நான் மூஞ்சியைக் கேக்குறேன், நீ மார்க் சொல்ற."

"விடுக்கா" என்றார் அவர். "லேபே என்னை வெச்சுத்தான் ஓடுது. நான் நார்மல் இல்லன்னா வேற யாரு நார்மல், நீயா?"

"உங்க ரெண்டு பேரையும் கட்டி மேய்க்கிறதுக்கு நான் நார்மலா இருக்க முடியுமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்தது.

அந்த மாதமே ரத்ததானப் பிரிவின் நர்ஸ் கையில் ஒரு கண்ணாடிக் குவளையோடு நடைக்கோடியிலிருந்து வந்தாள். குவளையில் நீலத் தண்ணீர். ரத்தம் கொடுக்க வருகிறவர்களின் விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டை அதில் விடுவாள். சத்துள்ள ரத்தம் மூழ்கும், சோகை ரத்தம் மிதக்கும். மெஷின், மின்சாரம் எதுவும் வேண்டாம்.

"டாக்டர், உங்க ஆளுங்க எல்லாரும் என் தண்ணில மெதக்குறாங்க."

"எங்க ஆளுங்களா?"

"உங்க லேப் ரிப்போர்ட்டோட வர்றவங்க. பதிமூணுன்னு போட்டிருக்கு, சொட்டு விட்டா மெதக்குது. ரத்தம் வேண்டாம்னு சொன்னா காகிதத்தை ஆட்டிக்கிட்டு என்கிட்டச் சண்டைக்கு வர்றாங்க."

"தண்ணி பழசாயிருக்கும் சிஸ்டர்."

"நேத்துக் கரைச்சது."

"அப்ப குவளையை நல்லா அலசிப் பாருங்க."

நர்ஸ் குவளையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். "தண்ணி தப்பு, குவளை தப்பு, நானும் தப்பு. உங்க மெஷின் மட்டும் அரிச்சந்திரன். சரி டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தாள். காலையில்தான் மெஷினைச் சரிபார்த்தாயிற்று, பதினாலரை வந்தது. அவ்வளவுதான். வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

புதுப் பெட்டி சில்லென்று வந்து சேர்ந்தது. சின்னவிஷயம் பனிக்கட்டியைத் தட்டிக் காட்டினார், கல் மாதிரி இருந்தது. குப்பியை மெதுவாகக் கையில் உருட்டி, ஓட்டினார்கள். இருக்க வேண்டியதைவிட இரண்டு அதிகமாக வந்தது. இன்னொரு குப்பி, அதுவும் அதிகம். மூன்றாவதும்.

"மேடம், ஒரு சின்ன விஷயம்."

"தெரியுது. கூட்டி வெச்சது அத்தனையையும் எடுத்துடுங்க. பழையபடி பூஜ்யத்துல வெச்சு ஓட்டுங்க."

அப்படியே வைத்து ஓட்டினார். மூன்று குப்பியும் கோடு போட்டது போல் சரியாக வந்து உட்கார்ந்தன.

டாக்டர் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெஷின் எங்கேயும் போகவில்லை. முதல் நாளிலிருந்தே அது சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சின்னவிஷயம் காலையில் எடுத்த குழாய்களிலிருந்து ஒன்றைத் தேடி எடுத்து மெஷினுக்குள் வைத்தார். யாருடையது என்று அவள் கேட்கவில்லை.

பன்னிரண்டரை.

"குழாய் மாறியிருக்கும் மேடம்."

"நானே எடுத்தேன்."

அவள் உட்கார்ந்து, பழைய காலைகளின் எண்களை ஒவ்வொன்றாகத் திரையில் வரவழைத்தாள். ஹீமோகுளோபினை மெஷின் வெளிச்சத்தை வைத்து அளக்கிறது. செல்களின் அளவை ஒரு நுண்ணிய துளை வழியாக விட்டு அளக்கிறது. இரண்டும் இரண்டு தனி வழி. ஒன்று மட்டும் இறங்கினால் மெஷினைச் சந்தேகப்படு, இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கினால் ஆளைச் சந்தேகப்படு. இதை அவள் எத்தனை வகுப்புகளில் கரும்பலகையில் வரைந்து காட்டியிருக்கிறாள். கூட்டி வைத்ததைக் கழித்துப் பார்த்தால், அவருடைய எண்கள் மூன்று மாதமாகக் கைகோத்துக்கொண்டு இறங்கியிருந்தன. அவள் ஒரு எண்ணை மட்டும் பார்த்து, அதையும் தன் கையால் தூக்கித் தூக்கி நிறுத்தியிருந்தாள்.

ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் போட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். சின்னச் சின்ன செல்கள், நடுவில் வெளுத்து, வளையம் மாதிரி. இரும்புச்சத்து போய்க்கொண்டிருக்கிறது. இந்த வயது ஆணுக்கு அப்படிப் போனால், வயிற்றுக்குள் எங்கோ ரத்தம் ஒழுகுகிறது என்று அர்த்தம். எதனால் என்று புத்தகத்தில் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் முதலில் வருவது நல்லதில்லை.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்கூடக் கலங்கவில்லை. லென்ஸைத் துடைத்தாள். சாயக் குப்பியை மூடி அலமாரியில் வைத்தாள், அதன் லேபிள் முன்பக்கம் பார்க்கும்படி திருப்பி வைத்தாள். தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்ட பல் மாதிரி இருந்தது. பல் இருப்பது தெரிகிறது, அது தன்னுடையதாக இல்லை.

சின்னவிஷயம் கதவைச் சாத்திவிட்டு வந்தார். முதல் தடவையாக, சின்ன விஷயம் என்று ஆரம்பிக்கவில்லை.

"மேடம், பெட்டி கெட்டுப்போனதால தப்பாயிடுச்சுன்னு சொல்லிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. சார் பேரை எதுக்கு இழுக்கணும்?"

"அந்தப் பெட்டியை நாம திறக்கவே இல்லையே."

"நமக்குத்தானே தெரியும்."

"ரிப்போர்ட் வாங்கிட்டுப் போனவங்க எல்லாரையும் கூப்பிடணும்" என்றாள் டாக்டர். "மறுபடி ரத்தம் எடுக்கணும். நான் போய் மேலே சொல்லிட்டு வர்றேன். நீங்க போன் பண்ண ஆரம்பிங்க." தன் குரல் பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல அவளுக்குக் கேட்டது.

மேலே சொல்லிவிட்டு, மத்தியானம் பயிற்சி மைதானத்துக்குப் போனாள். அவள் அங்கே வந்ததே இல்லை. ஆரஞ்சு நிறக் கூம்புகளுக்கு நடுவே ஒரு பெண் பின்னால் எடுக்கத் தெரியாமல் காரைக் குறுக்கே நிறுத்தியிருந்தாள். அவர் வெளியே நின்று கையால் வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். மனைவியைப் பார்த்ததும் புருவத்தைத் தூக்கினார்.

"என்ன டாக்டரம்மா, கடைசியில லைசென்ஸ் வாங்கலாம்னு முடிவு பண்ணிட்டியா?"

அவள் அவர் கீழ் இமையைப் பார்த்தாள். வெளுத்திருந்தது. எந்த மாணவனும் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவான்.

"உங்க ரத்தம் குறைஞ்சிருக்கு. வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாக்கணும். நாளைக்கே சொல்லியிருக்கேன்."

"தினமும் நீ உறிஞ்சினது பத்தலையா?"

"அதுக்கெல்லாம் இவ்வளவு குறையாது."

"எவ்வளவு?"

"ரெண்டு."

"ஒரே நாள்லயா?"

அந்தப் பெண் ஹாரன் அடித்தாள். அவர் திரும்பி, "இதோ வர்றேன் தாயி, வண்டி எங்கயும் ஓடிடாது" என்று போனார். டாக்டர் பதில் சொல்லவில்லை. ஹாரன் அடிக்காமல் இருந்திருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

அவர் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது, அதை மூன்று மாதம் முன்னாலேயே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்த ஒரு கேள்விதான் அதன்பிறகு அவளோடு எழுந்தது, அவளோடு உட்கார்ந்தது. கேள்வி இருந்தது, வலி மட்டும் வரவில்லை.

கூடத்தில் வரிசை வாசலுக்கு வெளியே வரை நின்றது. கூப்பிட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டாக்டர் தன் அறையில் உட்காரவில்லை, முன்னால் வந்து நின்றாள். ஒவ்வொருவரிடமும், "போன தடவை நாங்க குடுத்தது தப்பு. மன்னிச்சுக்கோங்க" என்றாள். சிலர் பரவாயில்லை என்றார்கள். கர்ப்பிணி ஒருத்தியைக் கையைப் பிடித்து அழைத்து வந்த அம்மா விடவில்லை.

"ரத்தம் நெறைய இருக்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? அதைப் பாத்துட்டுத்தானே மாத்திரையை நிறுத்தினோம்? படிச்சவங்க எழுதினதை நம்பாம வேற யாரை நம்புறது?"

"நீங்க சொல்றது சரிதாம்மா."

"சரின்னு சொல்லிட்டா ஆச்சா?"

"ஆகாது."

அந்த அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். மகளை நாற்காலியில் உட்காரவைத்தாள். அவளுக்குப் பத்துக்கும் கீழே வந்தது. நல்லவேளை, இன்னும் நாள் இருந்தது, மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். டாக்டர் அதையும் கேட்டுக்கொண்டாள். நிம்மதி என்று ஒன்று வர வேண்டிய இடம் அது. வரவில்லை.

குழாய் விட்டுப் பார்த்த படத்தை அறுவை மருத்துவர் மேசையில் வைத்தார். டாக்டரைவிட ரொம்ப இளையவர், அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார். பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி, சின்னக் காலிஃபிளவர் மாதிரி. ஓரத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. வெட்டி எடுத்துவிடலாம், எடுத்தே ஆக வேண்டும் என்றார். நார்மல் சார் அந்தப் படத்தைக் கையில் எடுத்து, தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரத்தம் எப்ப இருந்து குறையுது?" என்று கேட்டார் அறுவை மருத்துவர். "யாருக்கும் தெரிஞ்சிருக்காது, சும்மா ஒரு வழக்கத்துக்குக் கேக்குறேன்."

தெரியாது என்று சொல்லிவிட்டால் போதும். உலகமே தெரியாது என்று சொல்லும் கேள்விதான் அது.

"தெரியும்" என்றாள் டாக்டர். "மூணு மாசமா. தினமும் நான்தான் பாத்தேன். இறங்கிட்டே இருந்துச்சு. மெஷின் தப்பாச் சொல்லுதுன்னு நெனச்சு, இவருக்குச் சரியா வர்ற மாதிரி மெஷினைத் திருப்பி வெச்சேன். ஒவ்வொரு தடவையும்."

அறுவை மருத்துவர் பேனாவை மூடினார்.

"கட்டி மூணு மாசத்துல வந்ததில்ல மேடம். வருஷக்கணக்கா வளந்திருக்கும்."

"முன்னாலயே பாத்திருந்தா?"

"அறுத்துப் பாத்தாத்தான் தெரியும். பக்கத்துல இருக்குற நிணநீர் முடிச்சுகளுக்கு கேன்சர் போகலன்னா, இந்த மூணு மாசத்தைக் கணக்குலயே எடுத்துக்க வேண்டாம்."

"போயிருந்தா?"

அவர் நாட்காட்டியைப் புரட்டினார். அறுவைக்கு ஒரு தேதி சொன்னார்.

பயிற்சிக் காரில்தான் வீட்டுக்குப் போனார்கள். அவர் ஓட்டினார். அவள் பக்கத்தில், வழக்கமாக அவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பக்கம் தரையிலும் ஒரு பிரேக் இருந்தது. சிக்னலில் நின்றபோது, அவர் முன்னால் பார்த்தபடியே பேசினார்.

"ஸ்டீயரிங் நேரா இருக்கு, ரோடுதான் சார் வளையுதுன்னு சொல்றவங்களை எத்தனையோ பேரைப் பாத்திருக்கேன்."

அவள் மடியிலிருந்த படத்தை உறைக்குள் வைத்தாள்.

"மெஷினைக் கேட்ட. கம்பெனிக்காரனைக் கேட்ட. என்னை ஒரு தடவை, 'என்னங்க, உடம்பு எப்படி இருக்கு'ன்னு கேட்டிருந்தா என்ன?"

"தோணல."

"அதான். தோணல."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். அவர் நிதானமாக கியரைப் போட்டார். வீடு வரும்வரை, வந்த பிறகும், அன்று முழுக்க அவர் அவளிடம் பேசவில்லை. அவள் அவருடைய சட்டைகளை மடித்து வைத்தாள், மருத்துவமனைக்கு எடுத்துப்போக வேண்டிய பையைத் தயார் செய்தாள். துண்டு, சீப்பு, செருப்பு. எல்லாம் சரியாகச் செய்தாள்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. வெட்டி எடுத்ததை ஒரு டப்பாவில் போட்டு, எங்கே அனுப்புவார்கள்? அவள் கூடத்துக்குத்தான். அவள் அதைத் தொடவில்லை. அவளுக்குக் கீழே வேலை பார்த்த இளைய நோய்க்குறியியல் மருத்துவர் பார்த்தார். அந்த நாட்களில் அந்த இளையவருடைய மைக்ராஸ்கோப் இருந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அவள் தரையைப் பார்த்துக்கொண்டு போனாள். தரையில் ஓரிடத்தில் ஓடு விரிசல் விட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தாள், ஆள் வரச் சொன்னாள்.

ஒரு சாயங்காலம் அந்த இளைய மருத்துவர் அவள் அறை வாசலில் வந்து நின்றார்.

"ஒண்ணுல இருக்கு மேடம். ஒரே ஒரு முடிச்சு. மத்ததெல்லாம் சுத்தம்." கொஞ்சம் தயங்கி, "நீங்க ஒரு தடவை பாக்குறீங்களா?" என்றார்.

"வேண்டாம். நீங்க பாத்தாச்சுல்ல."

ஒன்று. ஒன்றுமே இல்லை என்று வந்திருந்தால் தப்பித்தோம் என்றிருக்கலாம். நிறைய என்று வந்திருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருக்கலாம். ஒன்று என்றால் மருந்து ஏற்ற வேண்டும், ஏற்றினால் பிழைக்கிறவர்கள்தான் அதிகம். அந்த ஒன்று எந்த மாதத்தில் அங்கே போய்ச் சேர்ந்தது என்று மட்டும் எந்த மைக்ராஸ்கோப்பும் சொல்லாது. அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டில் அவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாத்தனார் காய்கறி சூப் கொடுத்துவிட்டு, கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போகிற வழியில், "மூஞ்சியில கொஞ்சம் களை வந்திருக்கு. என் கண்ணுக்குத்தான் சொல்றேன், உன் மார்க்கு எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். வந்ததைச் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டார்.

"அந்த ஒண்ணு, இந்த மூணு மாசத்துல போனதா, அதுக்கு முன்னாலயே போனதா?"

"தெரியாது. யாருக்கும் தெரியாது. நான்தான் காரணம்னு நீங்க நெனச்சா, இல்லன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல."

அவர் போர்வையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துச் சரிசெய்தார். சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் சரிசெய்தார்.

"உங்க பெட்டி வெயில்ல கெடந்துச்சே" என்றார்.

"ஆமா."

"அதுக்கு முன்னாலயே எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"வெளிக்குப் போறப்ப கறுப்பா போச்சு. காலையில. அப்பப்ப. முதல்ல பெரிசா எடுத்துக்கல. அப்புறம் அடிக்கடி. படியில மூச்சு வாங்குறப்ப செருப்பு வாரைச் சரிபண்ற மாதிரிக் குனிஞ்சுக்குவேன்."

"எப்ப இருந்து?"

"போன வருஷ மழைக்காலத்துல இருந்து இருக்கும்."

டாக்டர் விரல் விட்டு மாதங்களை எண்ணினாள்.

"சொல்லலாம்னுதான் நெனச்சேன்" என்றார் அவர். "ஆனா தினமும் காலையில நீ பாத்துட்டு நார்மல்னு சொல்லுவ. அப்பாடான்னு இருக்கும். லேபே சொல்லுது, அப்புறம் என்ன பயம்னு போயிடுவேன். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் தினமும் வந்தேன்னுகூட வெச்சுக்கோ. பயமா இருந்துச்சு."

"கறுப்பா போச்சுன்னு தெரிஞ்சும் வாயத் திறக்கல."

"நீ கேக்கல."

"நான் கேக்கல, சரி. நீங்க சொல்றதுக்கு என்ன? வாயில என்ன, கொழுக்கட்டையா?"

குரல் உயர்ந்தது. அது தன்னுடைய குரல்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. மார்புக்குள் ஏதோ ஒன்று, மரத்துப்போன காலில் ரத்தம் திரும்பும்போது சுரீரென்று குத்துமே, அப்படிக் குத்தியது.

"ஊருக்கெல்லாம் கண்ணாடியைப் பாரு, பின்னால பாருன்னு சொல்லிக்குடுக்குறீங்க, நீங்க எதைப் பாத்தீங்க? கார்ல வெச்சு என்னை அந்தக் கேள்வி கேட்டீங்களே, கேட்டிருந்தா சொல்லியிருப்பீங்களா? சத்தியமா சொல்லுங்க."

"சொல்லியிருக்க மாட்டேன்."

"பின்ன?"

"பின்ன என்ன, கேட்டிருந்தா நல்லாயிருந்திருக்கும். அவ்வளவுதான். மெஷினைத் திருப்பினவ நீ, மறைச்சவன் நான், இதுல யாரு யாரைக் கேக்குறது?"

"நான்தான் கேப்பேன். நான் இத்தனை நாளா உள்ளுக்குள்ள செத்துட்டிருந்தேன், நீங்க பாட்டுக்கு அதை வெச்சுக்கிட்டு என்கிட்டப் பேசாம இருந்தீங்க."

"பேசினா இதைச் சொல்லணுமே."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார். அவள் தோளைப் பிடித்து அவரைத் தலையணையில் சாய்த்தாள். சாய்த்துக்கொண்டே திட்டினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, அதைத் துடைக்க அவளுக்கு நேரமில்லை. அவரும் விடவில்லை, பதிலுக்குப் பதில் சொன்னார். வருஷக்கணக்கில் போடாத சண்டை, பாக்கி நிறைய இருந்தது.

நாத்தனார் ஓடி வந்து வாசலில் நின்றாள். உள்ளே பார்த்தாள். அப்புறம் கதவை மெதுவாகச் சாத்தினாள். சாத்திய கதவுக்கு வெளியிலிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"தையல் பிரிஞ்சிடப் போகுது, மெதுவாச் சண்டை போடுங்க."

டாக்டர் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.